சிராய்ப்புக்கு முதல் மருந்து குழாய்த் தண்ணீர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளிகளில் விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சி தொடங்கிவிட்டால் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வரும் பிள்ளைகள் கூடிவிடுவார்கள். மழை நாளில் செம்மண் சாலையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி, உள்ளங்கையும் முழங்கையும் உரிந்து வருபவர்கள் இன்னொரு பக்கம். இந்தச் சிராய்ப்புகளில் பெரும்பாலானவை ஒரு வாரம், பத்து நாளில் வீட்டிலேயே ஆறிவிடக் கூடியவை. சீழ் வைத்துக் காய்ச்சலோடு கிளினிக்குக்கு வருகிறவர்களை விசாரித்தால் பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கும். துடைத்தார்கள், மஞ்சள் மருந்து போட்டார்கள், துணியால் கட்டினார்கள். கழுவவில்லை.

‘புண்ணுல தண்ணி பட்டா சீழ் வச்சிடும்’ என்ற பேச்சு நம் மலேசியத் தோட்டங்களில் பாட்டி காலத்திலிருந்து இருக்கிறது. அன்றைக்கு அது பொருளில்லாத பேச்சும் அல்ல. ஆற்றிலும் கிணற்றிலும் குளித்த காலத்தில், அந்தத் தண்ணீரில் ஊறிய புண் உண்மையிலேயே சீழ் வைத்தது. இன்று வீட்டுக்கு வருவது சுத்திகரித்துக் குளோரின் சேர்த்த குழாய்த் தண்ணீர். அந்தத் தண்ணீரால் கழுவிய காயங்களையும் மருத்துவமனை உப்பு நீரால் கழுவிய காயங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தாகிவிட்டது. குழாய்த் தண்ணீரால் சீழ் வைப்பது கூடவில்லை. குடிக்கத் தகுந்த தண்ணீர் காயம் கழுவவும் தகுந்தது. தண்ணீர் மாறிவிட்டது, பேச்சு மட்டும் மாறவில்லை.

கழுவுவதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் கழுவுகிறவர் தன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இரத்தம் கசிந்துகொண்டிருந்தால் சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நின்றுவிட்டதா என்று இடையிடையே எடுத்துப் பார்த்தால் உறையத் தொடங்கிய இரத்தம் பெயர்ந்து, கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பிறகு குழாயை மிதமாகத் திறந்து காயத்தை அதன் கீழே நேராகக் காட்டுங்கள். கடிகாரம் பார்த்து ஐந்து நிமிடம். பிள்ளை அழும், அரை நிமிடத்திலேயே போதும் என்று தோன்றும். விடாதீர்கள். சுற்றியுள்ள தோலுக்குச் சோப்பு போடலாம், காயத்துக்குள் வேண்டாம். பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து அதில் முழங்காலை ஊற வைப்பது கழுவுவது ஆகாது. கழுவி வந்த அழுக்கு அதே தண்ணீரில்தான் சுற்றிக்கொண்டிருக்கும். ஓடுகிற தண்ணீர்தான் மண்ணையும் கிருமியையும் அடித்துக்கொண்டு போகும்.

ஏன் மண்ணைப் பற்றி இவ்வளவு சொல்கிறோம் என்றால், சுத்தமான காயத்தில் கொஞ்சம் கிருமி விழுந்தால் உடம்பே சமாளித்துக்கொள்ளும். அதே காயத்தில் ஒரு மணல் துகள் தங்கிவிட்டால், அதைவிட மிகக் குறைந்த கிருமியே சீழ் வைக்கப் போதும். துகளின் இடுக்கில் ஒட்டிய கிருமியை இரத்தத்தின் வெள்ளணுக்களால் எட்டிப் பிடிக்க முடிவதில்லை. செம்மண், தார்ச்சாலைக் கருங்கல் பொடி இரண்டுக்கும் இன்னொரு கெட்ட குணம் உண்டு. தோல் அதன் மேலேயே மூடி வளர்ந்துவிட்டால் பச்சை குத்தியதுபோல் நிரந்தரமாக நிற்கும். கழுவிய பிறகும் துகள் தெரிந்தால் ஈரமான காஸ் துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மெல்லத் துடைத்தெடுங்கள். பஞ்சு வேண்டாம், அதன் இழை காயத்தில் ஒட்டும். ஸ்பிரிட்டால் துடைத்த சாமணத்தால் ஒவ்வொன்றாக எடுக்கலாம். அதற்கும் வராமல் பதிந்து கிடந்தால் அன்றைக்கே, தவறினால் மறுநாளாவது கிளினிக்குக்குப் போய்விட வேண்டும். மரத்துப்போக மருந்து போட்டு அங்கே தேய்த்தெடுப்பார்கள். நாள் கடந்தால் அதுவும் கடினம்.

பக்கத்தில் குழாய் இல்லாத இடத்தில் விழுந்தால்? கடையில் விற்கும் குடிநீர் போத்தலின் மூடியில் ஊசியால் நான்கைந்து துளை போட்டுப் பிதுக்கினால் நல்ல வேகத்தில் தண்ணீர் பீய்ச்சும். முழங்கால் அளவு சிராய்ப்புக்கு 500 மில்லிலிட்டர் போத்தல் இரண்டாவது வேண்டும். கொதித்து ஆறிய நீரும் சரி. எங்கள் பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் ஆறும் உண்டு, பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளும் உண்டு. அவசரத்துக்குக்கூட அந்தத் தண்ணீரைக் காயத்தில் ஊற்றாதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறோம்.

மஞ்சள் மருந்துக்கு வருவோம். அக்ரிஃபிளேவின் என்பது அதன் பெயர். முதல் உலகப் போர்க் காலத்தில் சிப்பாய்களின் காயங்களுக்குப் போட்ட, சாய வகையைச் சேர்ந்த கிருமிநாசினி. அது விஷமல்ல, தாத்தா காலத்திலிருந்து வீட்டில் இருக்கும் புட்டியைத் தூக்கி எறியச் சொல்லவும் இல்லை. ஆனால் மண்ணிருக்கும் காயத்தில் ஊற்றினால் மண்ணுக்குத்தான் மஞ்சள் பூசுகிறீர்கள். அடுத்த இரண்டு நாளும் தோல் சிவக்கிறதா என்று பார்க்க வேண்டிய இடத்தில் எல்லாமே மஞ்சளாகத் தெரியும். நோய்த்தொற்றின் முதல் அடையாளத்தை மறைத்துவிடுகிறது என்பதே அதன் மேல் நமக்குள்ள பெரிய குறை. சில வீடுகளில் இன்னும் இருக்கும் சிவப்பு மருந்தில் பாதரசம் உண்டு. அதை விட்டுவிடுங்கள். ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கிருமியோடு சேர்த்துப் புதிதாக வளரும் தோல் அணுக்களையும் கொல்லும். பெராக்சைடு நுரைப்பதைப் பார்த்து அழுக்கு வெளியே வருகிறது என்று நினைக்கிறோம். காயமே இல்லாத அழுக்குக் கையில் அது அப்படி நுரைக்காது, இரத்தத்தைத் தொட்டால் நுரைக்கும். பழுப்பு நிறப் போவிடோன் அயோடின், நன்றாகக் கழுவிய பிறகு, அழுக்கான காயத்துக்கு முதல் நாள் ஒருமுறை போடலாம். தைராய்டு நோய் உள்ளவர்களும் கைக்குழந்தைக்குப் போட நினைப்பவர்களும் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். தினமும் ஊற்றிக்கொண்டிருந்தால் ஆறுவது தாமதமாகும்.

காப்பித்தூள், மஞ்சள்தூள், பற்பசை, புகையிலை. சமையலறையிலிருந்து வரும் எதுவும் கிருமி நீக்கியதல்ல. தூள் காயத்தில் கட்டியாகி அடியில் சீழ் சேர இடம் கொடுக்கும். காப்பித்தூள் இரத்தத்தை நிறுத்துகிறது என்பார்கள். நிறுத்துவது அதை வைத்து அமுக்கிய விரல்தான். வெட்டுக்காயப் பூண்டும், மலாய்க்காரர்கள் கபால் தெர்பாங் என்று சொல்லும் செடியின் இலையும் இரத்தத்தைக் கட்டுப்படுத்துவது உண்மை, பெரியவர்கள் தெரிந்துதான் சொன்னார்கள். ஆனால் செம்பனைத் தோட்டத்து வரப்பில் பறித்த இலையில் எலி மூத்திரமும் களைக்கொல்லியும் இருக்கலாம், அதைக் கசக்கித் திறந்த காயத்துக்குள் வைப்பதில்தான் ஆபத்து. இவை எல்லாவற்றையும்விட மோசமான பழக்கம், முன்பு எப்போதோ டாக்டர் கொடுத்து மிஞ்சிய ஆன்டிபயோடிக் காப்சூலைப் பிரித்து உள்ளே இருக்கும் மாவைத் தூவுவது. விழுங்குவதற்குச் செய்த மருந்து அது. காயத்தில் ஒவ்வாமை கிளப்பும், கிருமிக்கு மருந்தைப் பழக்கிவிடும், கழுவாத மண்ணையோ அப்படியே விட்டுவிடும்.

அடுத்த தகராறு, மூடுவதா, காற்றுப்பட விடுவதா என்பது. 1962-இல் ஜோர்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றித் தோலில் சிறு காயங்களை உண்டாக்கி, பாதியை மெல்லிய பிளாஸ்டிக் படலத்தால் மூடி, மீதியைக் காற்றில் காய விட்டுப் பார்த்தார். மூடி ஈரப்பதத்தோடு வைத்தவற்றில் புதிய தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் படர்ந்தது. காய்ந்த பொருக்கின் அடியில் தோல் அணுக்கள் வழி தேடிக் குடைந்து போக வேண்டியிருக்கிறது, ஈரத்தில் வழுக்கிக்கொண்டு முன்னேறுகின்றன. ஆகவே கழுவி, சுற்றிலும் ஒற்றி எடுத்த பிறகு, வெசலின் போன்ற வெறும் பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லியதாகத் தடவி, ஒட்டாத வகைப் பட்டையை வைத்து மூடுங்கள். வீட்டில் எல்லோரும் விரல் விட்ட டப்பா வேண்டாம், டியூப் வாங்குங்கள். ஈரப்பதம் என்றால் நசநசப்பு அல்ல. கட்டைச் சுற்றித் தோல் வெள்ளையாக ஊறிப் போயிருந்தால் ஈரம் மிஞ்சிவிட்டது என்று பொருள். நாளுக்கு ஒருமுறை மாற்றினால் போதும், நனைந்தாலோ அழுக்கானாலோ உடனே மாற்ற வேண்டும். நம் வெயிலில் ரப்பர் பூட்ஸ் போட்டு வேலை செய்பவர் கணுக்கால் காயத்துக்குப் பகல் சாப்பாட்டு நேரத்தில் இன்னொரு கட்டு மாற்றியே ஆக வேண்டும். ஒட்டிக்கொண்ட கட்டை வெடுக்கென்று இழுக்காதீர்கள். தண்ணீரால் ஐந்து பத்து நிமிடம் நனைத்தால் தானே விடும். இழுத்தால் மூன்று நாள் வளர்ந்த தோலும் அதோடு வந்துவிடும்.

முதல் இரண்டு மூன்று நாள் ஓரத்தில் மெல்லிய சிவப்பு, இலேசான வீக்கம், தெளிந்த ஊனீர் கசிவது எல்லாம் இயல்பு. மேலே படியும் மஞ்சள் நிற மெல்லிய படலத்தைச் சீழ் என்று நினைத்துச் சுரண்டுகிறார்கள். அது சீழ் அல்ல. சீழ் கெட்டியாக, கலங்கலாக, பெரும்பாலும் நாற்றத்தோடு இருக்கும். வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். மூன்றாம் நாள் வலி முதல் நாளைவிடக் கூடினால் சந்தேகப்படுங்கள். சிவப்பின் விளிம்பில் பேனாவால் ஒரு கோடு போட்டு நேரத்தையும் எழுதி வையுங்கள். கோட்டைத் தாண்டிச் சிவப்பு பரவினால், காயத்திலிருந்து மேல்நோக்கிச் சிவப்பு வரி ஓடினால், கால் காயத்துக்குத் தொடை இடுக்கிலோ கைக் காயத்துக்கு அக்குளிலோ நெறி கட்டினால், 38 பாகை செல்சியசுக்கு மேல் காய்ச்சல் வந்தால், அன்றே கிளினிக். வலிக்குப் பாரசிட்டமோல் போதும். காய்ச்சலும் இருந்தால் டிங்கி இல்லை என்று தெரியும்வரை இபுபுரோஃபென், ஆஸ்பிரின் பக்கம் போக வேண்டாம்.

விழுந்த அன்றே போக வேண்டியவையும் உண்டு. வாய் பிளந்து உள்ளே மஞ்சளாகக் கொழுப்புத் தெரியும் காயம், இரண்டு தடவை பத்துப் பத்து நிமிடம் அழுத்தியும் நிற்காத இரத்தம், அசைக்க முடியாத மூட்டு, தலையில் அடிபட்டு வாந்தி. தையல் போட வேண்டிய காயத்தை ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோவது நல்லது. அரசாங்கக் கிளினிக்கில் நம் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட்.

தோட்டத்துக்கே உரிய ஒரு காயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். வெட்டிப் போட்ட செம்பனை மட்டைக் குவியலின் மேல் விழுபவர்களுக்குத் தோல் உரிவதோடு மட்டையின் முள்ளும் குத்தும். மேலே பார்த்தால் ஒரு புள்ளிதான், உள்ளே முனை முறிந்து நிற்கும். குழாய்த் தண்ணீர் எட்டாத ஆழம் அது, காற்றும் எட்டாது, அதனால்தான் சிராய்ப்பைவிட அதற்கு அதிகம் பயப்பட வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளைக் குத்திய திசையிலேயே நேராக இழுத்தெடுக்கலாம். முறிந்ததை வீட்டு ஊசியால் குடையாதீர்கள், இன்னும் சில துண்டாகும். விரல் மூட்டு, முழங்கால் அருகே குத்தி, வாரங்கள் கழித்து மூட்டு வீங்கி மடக்க முடியாமல் போனால் பழைய முள்ளை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். தாவர முள் சாதாரண எக்ஸ்ரேயில் தெரிவது அரிது, அல்ட்ராசவுண்டில் தெரியும். ‘மூன்று வாரத்துக்கு முன் மட்டை முள் குத்தியது’ என்று நீங்கள் சொன்னால்தான் டாக்டர் அந்தப் பக்கம் தேடுவார்.

ரணஜன்னி (டெட்டனஸ்) ஊசியைப் பற்றி. மலாயில் கஞ்சிங் கிகி என்பதும் இதுவே, தாடை பூட்டிக்கொள்ளும் நோய். துருப்பிடித்த ஆணியால்தான் வரும் என்று பலர் நம்புகிறார்கள். துருவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்த நோய்க் கிருமியின் வித்துகள் மண்ணிலும் மாட்டுச் சாணத்திலும் கிடக்கின்றன, மாட்டுக் கொட்டகைப் பக்கம் விழுந்த சிராய்ப்பும் போதும். பெரும்பாலும் 3 முதல் 21 நாளுக்குள் தாடை இறுக்கத்தில் தொடங்கும். நம் நாட்டில் குழந்தைப் பருவ ஊசிகளுக்குப் பிறகு 7 வயதில் ஒன்று, 15 வயதில் ஒன்று பள்ளியிலேயே போடுகிறார்கள். அதற்குப் பிறகு யாரும் கூப்பிட்டுப் போடுவதில்லை, அங்கேதான் ஓட்டை. சிறிய, சுத்தமான காயம் என்றால் கடைசி ஊசி பத்து ஆண்டுக்குள் இருக்க வேண்டும். மண்ணும் சாணமும் பட்ட காயம் அல்லது முள் குத்திய காயம் என்றால் ஐந்து ஆண்டுக்குள். நாற்பது வயதுக்காரர் பதினைந்து வயதில், படிவம் மூன்றில் போட்டதையே நம்பிக்கொண்டிருக்கிறார். ஊசி போட்ட அட்டையே இல்லாத வயதானவர்களும் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் காயத்தோடு வரும்போது அதைக் கட்டாயம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அவர்களுக்கு இன்னொரு ஊசியும் தேவைப்படலாம். இரண்டு நாள் தாமதமாகிவிட்டால் இனி எதற்கு என்று விடாதீர்கள், அப்போதும் போய்ப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆற்றையும் குட்டையையும் பற்றிச் சொல்வதாகச் சொன்னோம். எலி மூத்திரத்தால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் கிருமி உரிந்த தோல் வழியாக உள்ளே நுழையும். இரத்தம்வரை பரவக்கூடிய மெலியோய்டோசிஸ் நோயின் கிருமி நம் நாட்டு மண்ணிலும் தேங்கிய நீரிலும் இயல்பாகவே வாழ்கிறது. 2010-இல் பகாங், லூபுக் யூவில் நீரில் மூழ்கியவரைத் தேடி இறங்கியவர்களிடையே இந்த இரண்டும் பரவி உயிர்களைப் பறித்தன. அதே ஆண்டில்தான் லெப்டோஸ்பைரோசிஸ், கண்டால் சுகாதாரத் துறைக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயானது. காயம் ஆறும்வரை ஆற்றுக் குளியல், மீன் பிடிக்கக் குட்டையில் இறங்குவது, வாய்க்கால் சுத்தம் செய்வது மூன்றும் வேண்டாம். அப்படி இறங்கிய பின் ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் ‘காயத்தோடு தண்ணீரில் இறங்கினேன்’ என்ற அந்த ஒரு வாக்கியத்தை டாக்டரிடம் சொல்லுங்கள்.

இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்களுக்கு மேலே சொன்ன ‘வீட்டிலேயே ஆறிவிடும்’ என்ற பேச்சு பொருந்தாது. 2019 தேசிய சுகாதார ஆய்வில் நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இன வாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். இது நம் வீட்டுக் கதை. கால் உணர்ச்சி மங்கியிருப்பதால் வலி கூடுகிறதா என்ற சோதனையே அவர்களுக்கு உதவாது. மெலியோய்டோசிஸ் முதலில் பிடிப்பதும் அவர்களைத்தான். ஆகவே காலில் சிறு சிராய்ப்பு என்றாலும் கழுவி மூடிக்கொண்டு அன்றோ மறுநாளோ கிளினிக்கில் காட்டிவிட வேண்டும். தினமும் இரவு உள்ளங்காலைக் கண்ணாடி வைத்தாவது பார்க்க வேண்டும். கண் சரியாகத் தெரியாத அம்மா, அப்பாவுக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லுங்கள். பத்தியம் என்று முட்டை, மீன், பருப்பை நிறுத்துவது வேறு நடக்கிறது. புதிய தோல் புரதத்தால்தான் கட்டப்படுகிறது. நிறுத்தினால் புண் ஆறுவது தள்ளிப்போகும்.

தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் மண்டோர்களுக்கு ஒரு வேண்டுகோள். தோல் உரிந்தவரை அன்றைக்கு மருந்தடிக்கவோ உரம் போடவோ அனுப்பாதீர்கள். முழுத் தோல் தடுக்கும் களைக்கொல்லியை உரிந்த தோல் உள்ளே விட்டுவிடும். பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டது நல்லது, மற்ற மருந்துகள் இன்னும் தொட்டியில் இருக்கின்றன. அதோடு, வேலையிலோ வேலைக்குப் போகும் வழக்கமான வழியிலோ விழுந்தது சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் சேரும். சின்னச் சிராய்ப்புதானே என்று அன்று கிளினிக்கில் பதியாமல் விட்டு, இரண்டு வாரம் கழித்துக் கால் வீங்கிப் படுத்தால், எப்போது எங்கே விழுந்தீர்கள் என்பதற்குத் தாள் இருக்காது.

பள்ளி நிர்வாகங்களிடமும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களிடமும் கோயில் குழுக்களிடமும் கேட்பது பெரிய செலவல்ல. திடல் ஓரத்தில் ஒரு குழாய், அதில் மாட்ட இரண்டு மீட்டர் ரப்பர் ஹோஸ். ஒரு பெட்டியில் 500 மில்லிலிட்டர் குடிநீர் போத்தல் நான்கு, கையுறை, காஸ் துணி, ஒட்டாத பட்டை சிறிதும் பெரிதுமாக, ஒட்டும் டேப், சாமணம், முனை மழுங்கிய கத்தரி, வெசலின் டியூப் ஒன்று, பேனா ஒன்று. காலாவதித் தேதியைத் தவணைக்கு ஒருமுறை ஓர் ஆசிரியர் பார்க்கட்டும். பெட்டிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை அலுவலகத்தில் வைக்காதீர்கள். சனிக்கிழமைப் பயிற்சியின்போது அலுவலகம் மூடியிருக்கும், பிள்ளைகள் விழுவது அப்போதுதான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்ட மருத்துவ உதவியாளர்கள்,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்.